ஊரடங்கு உயிர்களைக் காத்ததா? திரும்பப் பெறப்பட்ட ஓர் ஆய்வு உணர்த்தும் பாடம்

கொரோனா பெருந்தொற்றின்போது மக்களை வீட்டிலேயே இருக்கச் செய்த உத்தரவுகள் உயிரிழப்பைக் குறைத்தனவா என்ற கேள்விக்கு, 2020 முதல் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் பதில் கூறியுள்ளன. லட்சக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டன என்று ஒரு சாரார் எழுதினர். எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்று மற்றொரு சாரார் எழுதினர். இரு தரப்பும் எண்களையே சான்றாகக் காட்டின.

அந்தக் கட்டுரைகளில் மிகப் பரவலாகப் பகிரப்பட்ட ஒன்று, வெளியான 9 மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. தரவுகளில் மோசடி நடந்ததாக அதன் மீது குற்றச்சாட்டு எழவில்லை. பயன்படுத்தப்பட்ட கணக்கீட்டு முறைக்கு, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை காணும் திறன் இல்லை என்பதே காரணமாக அமைந்தது. அடுத்த பெருந்தொற்று வரும்போது எத்தகைய கட்டுப்பாடுகளை விதிப்பது என்ற முடிவு, முந்தைய அனுபவம் குறித்த ஆய்வுகளையே சார்ந்திருக்கும். எனவே அந்தக் கட்டுரை எங்கே தவறியது, அதே தவறு வேறு எங்கெல்லாம் நிகழ்ந்தது என்பதை அறிவது அவசியமாகிறது.

பிரேசில் ஆய்வு கூறியது என்ன?

பிரேசிலைச் சேர்ந்த 4 ஆய்வாளர்கள் எழுதிய அக்கட்டுரை, நேச்சர் குழுமத்தின் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் 2021 மார்ச் 5 அன்று வெளியானது. 51 நாடுகள், பிரேசிலின் 27 மாநில அளவிலான பகுதிகள், அந்நாட்டின் 6 மாநிலத் தலைநகரங்கள், டோக்கியோ, பெர்லின், நியூயார்க் ஆகிய 3 பெருநகரங்கள் என மொத்தம் 87 பகுதிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

கைப்பேசிகளின் இருப்பிடத் தகவல்களைத் தொகுத்து கூகுள் நிறுவனம் வெளியிட்ட நடமாட்ட அறிக்கையிலிருந்து, மக்கள் வீட்டில் செலவிட்ட நேரம் எவ்வளவு கூடியது என்ற விவரம் பெறப்பட்டது. 10 லட்சம் பேருக்கு எத்தனை உயிரிழப்பு என்ற வாராந்திர எண்ணிக்கை அதனுடன் ஒப்பிடப்பட்டது.

87 பகுதிகளையும் இரண்டிரண்டாக இணைத்தால் 3,741 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையிலும், வீட்டில் இருந்த நேரத்தின் வேறுபாடு உயிரிழப்பின் வேறுபாட்டை விளக்குகிறதா என்று ஆய்வாளர்கள் சோதித்தனர். ஏறத்தாழ 98 சதவீத இணைகளில் அத்தகைய தொடர்புக்குச் சான்று கிடைக்கவில்லை என்பது அவர்களின் முடிவு.

'98 சதவீதம்' என்ற அந்த எண் செய்தித் தலைப்புகளிலும் சமூக ஊடகங்களிலும் வேகமாகப் பரவியது. 'சான்று கிடைக்கவில்லை' என்ற வாசகம் பகிரப்படும்போதே 'பயன் இல்லை என நிரூபணம்' என்று மாறியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இந்த விவகாரத்தின் மையம்.

கட்டுரை வெளியான காலமும் கவனிக்கத்தக்கது. 2021 ஜனவரியில் அமேசான் வனப்பகுதியில் உள்ள மனாஸ் நகர மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் உயிரிழந்தனர். ஏப்ரல் 6 அன்று பிரேசிலில் ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டோர் கொரோனாவுக்கு உயிரிழந்ததாகப் பதிவானது. பொதுமுடக்கத்தை அப்போதைய அதிபர் ஜெயிர் போல்சனாரோ வெளிப்படையாக எதிர்த்தார். பல மாநில ஆளுநர்கள் அதை வலியுறுத்தினர். அத்தகைய சூழலில், வீட்டில் இருப்பதால் உயிரிழப்பு குறையவில்லை எனக் கூறும் ஓர் ஆய்வு வெறும் கல்வித்துறை விவாதமாக நின்றுவிடாது.

கணக்கு சறுக்கிய இடம்

கட்டுரை வெளியான அதே மாதத்தில், அதன் முடிவுகள் மீது விமர்சனங்கள் எழுந்துள்ளதாக இதழின் ஆசிரியர் குழு வாசகர்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. பின்னர் இரண்டு மறுப்புக் கட்டுரைகள் அதே இதழில் இடம்பெற்றன. ஒன்றைப் பொருளாதார ஆய்வாளர் கார்லோஸ் கோயஸ் எழுதினார். மற்றொன்றை ஆஸ்திரேலியத் தொற்றுநோயியல் ஆய்வாளர் கிடியன் மேயரோவிட்ஸ்-காட்ஸ் உள்ளிட்ட நால்வர் எழுதினர்.

ஓர் இணையின் வேறுபாட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், இரு பகுதிகளின் தனித்தனி விளைவுகளும் ஒன்றோடொன்று கலந்து, இறுதியில் கிடைக்கும் எண் பொருளற்றதாகிவிடும் என்பதைக் கோயஸ் கணித வழியில் காட்டினார். இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

'அ', 'ஆ' என இரண்டு ஊர்கள் இருப்பதாகக் கொள்வோம். 'அ' ஊரில் மக்கள் வீட்டில் இருக்கும் நேரம் வழக்கத்தைவிட முதல் வாரம் 15 சதவீதம், இரண்டாம் வாரம் 18 சதவீதம், மூன்றாம் வாரம் 21 சதவீதம் கூடுகிறது. அங்கு உயிரிழப்பு 15, 12, 9 எனக் குறைகிறது. 'ஆ' ஊரில் வீட்டில் இருக்கும் நேரம் 5, 6, 7 சதவீதம் எனக் கூடுகிறது. அங்கு உயிரிழப்பு 45, 42, 39 எனக் குறைகிறது.

இரண்டு ஊர்களிலும் மக்கள் வீட்டில் இருக்க இருக்க உயிரிழப்பு குறைந்திருப்பது கண்கூடு. இப்போது வேறுபாடுகளை மட்டும் பார்ப்போம். வீட்டில் இருந்த நேரத்தின் வேறுபாடு 10, 12, 14 என உயர்கிறது. உயிரிழப்பின் வேறுபாடோ மூன்று வாரங்களிலும் மாறாமல் 30 ஆகவே நிற்கிறது. ஒன்று மாற, மற்றொன்று மாறவில்லை. ஆகவே இரண்டுக்கும் தொடர்பில்லை என்ற முடிவையே அந்தக் கணக்கீட்டு முறை தரும். விளைவு இரு ஊர்களிலும் இருந்தும், கணக்கில் அது மறைந்துவிடுகிறது.

ஒரே அளவு கட்டுப்பாடு எல்லா ஊர்களிலும் ஒரே அளவு பயன் தந்தால் இச்சிக்கல் எழாது. உண்மையில் அவ்வாறு நடப்பதில்லை. ஒரே அறையில் ஆறு பேர் வசிக்கும் குடியிருப்பும், தனித்தனி வீடுகள் கொண்ட புறநகரும் ஒரே பயனைப் பெற முடியாது. முதியோர் விகிதம், பருவநிலை, மருத்துவ வசதி, தொற்று நுழைந்த நாள் என அனைத்தும் ஊருக்கு ஊர் மாறுபடும்.

மேலும், 3,741 என்ற எண்ணிக்கை தரும் வலிமையும் தோற்றமே. அவை 3,741 தனித்தனிச் சான்றுகள் அல்ல. 87 பகுதிகளின் தரவுகளே மீண்டும் மீண்டும் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு பகுதியும் 86 இணைகளில் இடம்பெற்றது. ஒரு பகுதியின் தரவில் உள்ள குறை 86 முடிவுகளிலும் பிரதிபலிக்கும்.

விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதித்தல்

மேயரோவிட்ஸ்-காட்ஸ் குழுவினர் கையாண்ட வழி இன்னும் எளிமையானது. ஒரு தராசு சரியாக இருக்கிறதா என்று அறிய, எடை தெரிந்த படிக்கல்லை அதில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அதே போல, வீட்டில் இருப்பதால் உயிரிழப்பு குறையும் வகையில் அவர்களே செயற்கைத் தரவுகளை உருவாக்கினர். அதாவது, 'பயன் உண்டு' என்ற விடை முன்கூட்டியே தெரிந்த தரவு அது. அதைப் பிரேசில் ஆய்வின் கணக்கீட்டு முறையில் செலுத்தியபோது, இருக்கும் பயனை அம்முறையால் கண்டறிய முடியவில்லை.

இச்சோதனையின் பொருளைத் துல்லியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் உத்தரவால் பயன் உண்டு என்று அது நிரூபிக்கவில்லை. பயன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்முறை 'காணவில்லை' என்றே கூறும் என்பதை மட்டுமே அது நிரூபித்தது. படிக்கல்லை வைத்த பின்னும் முள் அசையாத தராசில் அரிசியை நிறுத்துவிட்டு, 'எடை இல்லை' என்று கூறுவதற்கு ஒப்பானது அது.

இதையடுத்து 2021 டிசம்பர் 14 அன்று, கட்டுரையின் முடிவுகளுக்குப் போதிய ஆதாரம் உள்ளது என்ற நம்பிக்கை இல்லை எனக் கூறி, ஆசிரியர் குழு அதைத் திரும்பப் பெற்றது. வல்லுநர் மதிப்பாய்வைக் கடந்து வெளியான கட்டுரை என்ற தகுதி, அதன் பிழையைத் தடுக்கவில்லை என்பதும் இதன்மூலம் வெளிப்பட்டது.

எதிர்த் தரப்பிலும் இதே வகைப் பிழை

பிழையான கணக்கீடு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 ஜூன் 8 அன்று 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, 11 ஐரோப்பிய நாடுகளில் மே தொடக்கம் வரையிலான கட்டுப்பாடுகளால் ஏறத்தாழ 31 லட்சம் உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிட்டது. அதில் பெரும் பங்கு பொதுமுடக்கத்துக்கே உரியது என்றும் அது கூறியது.

அந்த எண் இரண்டு அனுமானங்கள் மீது நின்றது. முதலாவது, அரசு உத்தரவு எதுவும் இல்லாவிட்டால் மக்கள் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளாமல் இருந்திருப்பார்கள் என்பது. பக்கத்து ஊரில் பிணங்கள் குவியும் செய்தியைப் பார்த்தும் எவரும் கூட்டத்தைத் தவிர்க்க மாட்டார்கள் என்று கருதுவது இயல்புக்கு மாறானது. இரண்டாவது, தொற்றுப் பரவலின் வேகம் அரசின் அறிவிப்பு வெளியான நாட்களில் மட்டுமே மாறும் என்பது.

இரண்டாவது அனுமானத்தின் விளைவு ஸ்வீடனில் வெளிப்பட்டது. அந்நாட்டில் முழுப் பொதுமுடக்கம் விதிக்கப்படவில்லை; ஆயினும் பரவல் வேகம் குறைந்தது. எனவே அந்த மாதிரி, பிற நாடுகளில் பொதுமுடக்கத்துக்கு அளித்த பெருமையை ஸ்வீடனில் பொதுக்கூட்டத் தடைக்கு அளித்தது. மற்ற 10 நாடுகளில் சிறிதளவே பயன் தந்ததாகக் கணக்கிடப்பட்ட தடை, ஸ்வீடனில் மட்டும் பெரும்பயன் தந்ததாகக் காட்டப்பட்டது. ஸ்வீடனைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இம்முரண்பாட்டை 2020 டிசம்பரில் அதே இதழில் சுட்டிக்காட்டினர். எந்தக் கட்டுப்பாட்டால் எவ்வளவு பயன் என்பதைக் கிடைத்த தரவிலிருந்து பிரித்தறிய இயலாது என்பது அவர்களின் வாதம்.

அக்கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பரவல் குறைந்தது என்ற அதன் அடிப்படைக் கண்டறிதலும் பொய்யாகவில்லை. ஆனால், '31 லட்சம்' என்ற எண்ணை நேரடியாக எண்ணிப் பார்த்த எண்ணாகக் கொள்வது தவறாகும்.

0.2 சதவீதம் என்ற தலைப்புச் செய்தி

2022 ஜனவரியில் மூன்று பொருளாதார வல்லுநர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, 2020 வசந்த காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விதிக்கப்பட்ட பொதுமுடக்கங்கள் கொரோனா உயிரிழப்பைச் சராசரியாக 0.2 சதவீதம் மட்டுமே குறைத்ததாகக் கூறியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயருடன் இணைத்து அது செய்தியானது. அப்போது அது வல்லுநர் மதிப்பாய்வுக்கு உட்பட்டிருக்கவில்லை.

இங்கு கவனிக்க வேண்டியது சொல்லின் பொருள். அரசு கட்டாயமாக்கும் மருந்து சாராத எந்த ஒரு நடவடிக்கையும் 'பொதுமுடக்கம்' என்று அதில் வரையறுக்கப்பட்டது. அந்த வரையறையின்படி முகக்கவசத்தைக் கட்டாயமாக்கும் ஆணையும் பொதுமுடக்கமே. 2020 மார்ச் இறுதியில் இந்தியா கண்டதைப் போன்ற முழு அடைப்பை மனத்தில் கொண்டு அந்தச் செய்தியைப் படித்த வாசகர், அறிக்கை கூறாத ஒன்றைப் புரிந்துகொண்டார். மேலும், அதே அறிக்கையில் வீட்டில் இருக்கும் உத்தரவுக்குத் தனியே தரப்பட்ட மதிப்பீடு 2.9 சதவீதம். இரு எண்களில் சிறியதே தலைப்பானது.

இந்தியா வெளியிட்ட மதிப்பீடுகள்

இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த 21 நாள் பொதுமுடக்கம், அன்று நள்ளிரவே அமலுக்கு வந்தது. பின்னர் அது மே 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதன் பயன் குறித்து அரசுத் தரப்பில் வெளியான எண்களையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும்.

பொதுமுடக்கம் இல்லாவிட்டால் ஏப்ரல் 15-க்குள் 8.2 லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருப்பார்கள் என்று ஏப்ரல் 11 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. பாதிப்பு 41 சதவீத வேகத்தில் தொடர்ந்து பெருகும் என்ற கணக்கில் பெறப்பட்ட எண் அது. எந்தத் தொற்றும் ஒரே வேகத்தில் இடைவிடாமல் பெருகுவதில்லை. ஆரம்ப வேகம் நீடிக்கும் என்று கொண்டால், கட்டுப்பாட்டின் பயன் எப்போதும் மிகைப்பட்டே தெரியும்.

மே 22 அன்று அரசு ஒரே செய்தியாளர் சந்திப்பில் பல மதிப்பீடுகளை முன்வைத்தது. காக்கப்பட்ட உயிர்கள் 1.2 லட்சம் முதல் 2.1 லட்சம் வரை என்பது பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் கணக்கு. 78,000 என்பது இந்திய பொதுச் சுகாதார அறக்கட்டளையின் கணக்கு. 68,000 என்பது இரு பொருளாதார வல்லுநர்களின் கணக்கு. 37,000 முதல் 78,000 வரை என்பது புள்ளியியல் அமைச்சகம் முன்வைத்த கணக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் இந்தக் கடைசிக் கணக்கையே மேற்கோள் காட்டினார்.

ஒரே நாடு, ஒரே காலகட்டம், ஒரே நடவடிக்கை. ஆயினும் மிகக் குறைந்த மதிப்பீட்டுக்கும் மிக உயர்ந்த மதிப்பீட்டுக்கும் இடையே 5 மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. நடந்தவற்றை எண்ணுவதில் இத்தகைய வேறுபாடு தோன்றாது. நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதில் ஒவ்வொரு மாதிரியும் வெவ்வேறு அனுமானங்களைக் கொண்டதால் அது தோன்றியது.

மாதிரிகளின் வரம்பை உணர்த்தும் மற்றொரு நிகழ்வும் அதே காலத்தில் நடந்தது. மே 16-க்குள் புதிய பாதிப்புகள் பூஜ்ஜியத்தைத் தொடும் எனக் காட்டும் வரைபடம் ஒன்று ஏப்ரல் 24 அன்று அரசின் செய்தியாளர் சந்திப்பில் காட்டப்பட்டது. மே 16 அன்று நாட்டில் ஏறத்தாழ 4,000 புதிய பாதிப்புகள் பதிவாயின. குறிப்பிட்ட நாளில் பாதிப்பு பூஜ்ஜியமாகும் என்று எவரும் கூறவில்லை, அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால் பின்னர் விளக்கம் அளித்தார்.

இந்தியாவுக்கே உரிய ஒரு தடையும் உண்டு. பொதுமுடக்கம் நாடு முழுவதும் ஒரே நள்ளிரவில் அமலானதால், கட்டுப்பாடு இல்லாத மாநிலம் என்று ஒப்பிட ஒன்றும் எஞ்சவில்லை. உயிரிழப்புப் பதிவும் முழுமையாக இல்லை. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகள் ஏறத்தாழ 47 லட்சம் என 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2021 இறுதி வரை அதிகாரபூர்வ கொரோனா உயிரிழப்பு 4.81 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எந்த எண் சரியானது என்பதிலேயே இத்தனை விலகல் இருக்கும்போது, அதன் மீது எழுப்பப்படும் ஆய்வின் உறுதியும் அதற்கேற்பவே அமையும்.

இழப்பின் பக்கமும் அளக்கப்பட வேண்டியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு இல்லை என்பதே 2020 செப்டம்பரில் மக்களவையில் கிடைத்த பதில். காக்கப்பட்ட உயிர்களுக்குப் பல மதிப்பீடுகளும், பறிபோன உயிர்களுக்கு ஒரு பதிவும் இல்லாத நிலையில், பயனையும் இழப்பையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இயலாது.

அளப்பது ஏன் கடினம்?

இத்துறையில் நல்ல ஆய்வாளர்களும் சறுக்குவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, காரணமும் விளைவும் இடம் மாறுதல். தொற்று கடுமையாக உள்ள இடத்தில்தான் அரசு கடுமையான கட்டுப்பாடுகளை விதிக்கிறது. எனவே கட்டுப்பாடு மிகுந்த இடங்களில் உயிரிழப்பும் மிகுந்திருக்கும். அதைக் கொண்டு கட்டுப்பாட்டால் பயனில்லை என்பது, குடை பிடித்தவர்கள் உள்ள தெருவில் மழை பெய்வதால் குடையே மழையை வரவழைத்தது என்பதைப் போன்றது.

இரண்டாவது, கால இடைவெளி. தொற்று ஏற்பட்டவர் உயிரிழப்பதற்குப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். இந்த வாரம் மக்கள் வீட்டில் இருந்ததன் பலன் இந்த வார உயிரிழப்பில் தெரியாது. மேலும், வீட்டில் இருப்பது பரவலின் வேகத்தையே மாற்றுகிறது. வேகத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் சில வாரங்களில் எண்ணிக்கையில் பெரும் வேறுபாடாக விரியும். நேர்கோட்டுக் கணக்கில் அது சிக்காது.

மூன்றாவது, உத்தரவும் நடத்தையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு பொருளாதார வல்லுநர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பி, சாட் சைவர்சன் ஆகியோர் 2020-இல் செய்த ஆய்வில், கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர் எண்ணிக்கை 60 சதவீதம் சரிந்ததாகவும், அதில் 7 சதவீதப் புள்ளிகளுக்கு மட்டுமே சட்டக் கட்டுப்பாடுகள் காரணம் என்றும் தெரியவந்தது. மீதமுள்ள சரிவின் பெரும்பகுதிக்கு மக்கள் தாமாகவே ஒதுங்கியதே காரணம். ஆகவே 'வீட்டில் இருப்பது பயன் தருமா?' என்பதும், 'வீட்டில் இருக்குமாறு அரசு உத்தரவிடுவது பயன் தருமா?' என்பதும் வெவ்வேறு கேள்விகள். பிரேசில் ஆய்வு அளந்தது முன்னதை. செய்திகளில் அது பின்னதற்கான பதிலாகப் பரவியது.

நான்காவது, ஒரே வாரத்தில் பள்ளி மூடல், கூட்டத் தடை, போக்குவரத்து நிறுத்தம், வீட்டில் இருக்கும் உத்தரவு என அனைத்தும் வந்தன. எது எவ்வளவு பயன் தந்தது எனப் பிரிப்பது மிகக் கடினம். வங்கதேசத்தில் முகக்கவசப் பயன்பாட்டை அறிய 600 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதனை நடத்த முடிந்தது. ஒரு நாட்டின் பாதி மக்களைக் குலுக்கல் முறையில் வீட்டில் அடைக்க எந்த அரசாலும் இயலாது.

இக்கடினங்களின் விளைவை ஒரு மதிப்பாய்வு எண்ணிக் காட்டியது. கொரோனா கொள்கைகளின் பயனை அளந்ததாக வல்லுநர் மதிப்பாய்வுடன் வெளியான 36 கட்டுரைகளை ஆராய்ந்த குழு, அடிப்படை வடிவமைப்புச் சோதனைகளில் தேறியவை 4 மட்டுமே என்று 2022-இல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் தெரிவித்தது.

இப்போது உறுதியாகக் கூறத்தக்கது

பிழையான ஆய்வுகள் இருப்பதால் எதுவுமே தெரியாது என்று முடிவுகட்டுவதும் பிழையே. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2023 ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட விரிவான அறிக்கை, கிடைத்த சான்றுகளின் தரத்தை எடைபோட்ட பின், தனிமனித இடைவெளி, பொதுமுடக்கம், முகக்கவசம் உள்ளிட்ட நடவடிக்கைகள் பரவலைக் குறைத்தன என்று கூறியது. தொற்று குறைவாக இருக்கும்போதே, பல நடவடிக்கைகளை ஒருங்கிணைத்து விதித்தால் பயன் கூடுதல் என்பதும் அதன் முடிவு. அதே அறிக்கை, பெரும்பாலான சான்றுகள் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் இருந்து வந்தவை அல்ல என்பதை ஒப்புக்கொண்டது. கல்வி, வாழ்வாதாரம் போன்றவற்றில் ஏற்பட்ட இழப்பை அது கணக்கில் கொள்ளவில்லை.

மக்களின் நேரடித் தொடர்பு குறைந்தால் காற்றில் பரவும் தொற்று மெதுவாகப் பரவும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சட்டக் கட்டாயத்தால் கிடைத்த கூடுதல் பயன் எவ்வளவு, அதற்குக் கொடுத்த விலை எவ்வளவு என்பதே இன்னும் தீராத கேள்வி. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அதன் விடை மாறும்.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தகைய ஆய்வு குறித்த செய்தி கைப்பேசியில் வரும்போது, புள்ளியியல் படிக்காத வாசகரும் கேட்கக்கூடிய சில கேள்விகள் உண்டு.

1. 'பயன் இல்லை' என்று ஆய்வு கூறுகிறதா, 'சான்று கிடைக்கவில்லை' என்று கூறுகிறதா?

2. பயன் இருந்திருந்தால் அதைக் கண்டறியும் திறன் அந்த முறைக்கு உண்டா? விடை தெரிந்த தரவில் அது சோதிக்கப்பட்டதா?

3. அளக்கப்பட்டது அரசின் உத்தரவா, மக்களின் நடத்தையா? 'பொதுமுடக்கம்' என்ற சொல்லுக்கு அந்த ஆய்வில் என்ன பொருள்?

4. எதனுடன் ஒப்பிடப்படுகிறது? ஒப்பீட்டுக்கான நிலை உண்மையில் நடந்ததா, மாதிரி கற்பனை செய்ததா?

5. உயிரிழப்புகள் முழுமையாகப் பதிவான இடத்தின் தரவா?

6. தரவும் கணக்கீட்டு வழிமுறையும் பிறர் சரிபார்க்கும் வகையில் பொதுவெளியில் உள்ளனவா?

இவற்றில் ஆறாவது கேள்விக்குப் பிரேசில் ஆய்வாளர்களின் பதில் 'ஆம்' என்பது குறிப்பிடத்தக்கது. தரவுகளும் வழிமுறையும் வெளியிடப்பட்டதால்தான் பிறர் அதே கணக்கை மீண்டும் செய்து பிழையைக் கண்டறிய முடிந்தது. மூடி வைக்கப்பட்ட கணக்கில் பிழை இருந்தாலும் எவரும் அறிய வழியில்லை.

ஆறு கேள்விகளையும் தாம் ஏற்கும் முடிவைக் கூறும் ஆய்விடமும், தாம் எதிர்க்கும் முடிவைக் கூறும் ஆய்விடமும் ஒரே கண்டிப்புடன் கேட்பதே முக்கியம். பொதுமுடக்கத்தை எதிர்த்தவர்கள் 98 சதவீதத்தைக் கேள்வியின்றி ஏற்றனர். ஆதரித்தவர்கள் 31 லட்சத்தைக் கேள்வியின்றி ஏற்றனர். இவ்விரு எண்களில் எதையும் அப்படியே நம்பி அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டமிட்டால், அதன் விலையை மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர்களும், வேலையிழந்து நெடுஞ்சாலையில் நடப்பவர்களுமே கொடுக்க நேரிடும்.